பாராளுமன்றத்தில் நமக்கு ஒதுக்கீடு தேவையா?

(குடிமையியல் மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு)

இவ்வாண்டு எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தின் தலைப்பு, ‘பாராளுமன்றத்தில் மகளிர்க்கு இட ஒதுக்கீடு தேவையா?’ என்பதாகும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ‘தேவையில்லை’ என்னும் அணி எங்கள் மூவருக்கும் வாய்த்தது. திறமை உள்ளவளுக்குச் சலுகை எதற்கு, சலுகையால் வந்தவளை யார் மதிப்பார் என்றெல்லாம் முழங்கினோம். கைத்தட்டல் மண்டபத்தை நிறைத்தது. வெற்றியும் எங்களுக்கே. ஆளுக்கோர் எவர்சில்வர் டம்ளர் பரிசு பெற்று மகிழ்ச்சியோடு மேடையிலிருந்து இறங்கினோம்.

மறுநாள் வகுப்பில், குடிமையியல் நடத்தும் அருட்சகோதரி அவர்கள் எங்கள் மூவரையும் எழுப்பினார்கள். “நன்றாகப் பேசினீர்கள், பிள்ளைகளே. சலுகை இல்லாமலே பெண்கள் வந்துவிடுவார்கள் என்றீர்கள். இதுவரை எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் தலை குனிந்து நின்றோம்.

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. பேசும்போது எங்களிடம் இருந்த கருத்து, எழுதும்போது எங்களிடம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். அது ஏன் மாறியது என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வேண்டாம் என்ற அன்னையர்

முதலில் எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. மேடையில் நாங்கள் சொந்தச் சரக்கு என்று எண்ணிப் பேசியவற்றை, நாடு விடுதலை பெறுமுன்பே மிகப் பெரிய பெண்மணிகள் பேசி முடித்திருந்தனர்.

1917-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப் பெற்றது. அதே ஆண்டில், சரோஜினி நாயுடு அவர்கள் தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்திய மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அதுவும் சொத்துடைய சிலருக்கே கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

பின்னர் வந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், மாகாணச் சட்டசபைகளில் பெண்களுக்கெனச் சில இடங்களை ஒதுக்கியது. சென்னைக்குக் கிடைத்தவை 8. அவற்றுள் ஒன்று முஸ்லிம் பெண்ணுக்கும், ஒன்று இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டன. மாதர் சங்கங்கள் இத்தகைய ஏற்பாட்டை வரவேற்கவில்லை. பெண்களைச் சமயவாரியாகக் கூறு போடுவது வெள்ளையர் ஆட்சியின் பிரித்தாளும் தந்திரம் என்று அவை கருதின. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கொடுங்கள், தனிச் சலுகை எதுவும் வேண்டாம் என்பதே அவற்றின் கோரிக்கை.

நம் அரசியல் அமைப்பை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தனர். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். திருவிதாங்கூரிலிருந்து சென்ற ஆனி மஸ்கரீன், திருவனந்தபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அச்சபையில் ஹம்சா மேத்தா 1946 டிசம்பரில் பேசும்போது, நாங்கள் ஒதுக்கீடோ தனித்தொகுதியோ கேட்டவர்கள் அல்லர், நீதியும் சமத்துவமுமே கேட்டோம் என்னும் பொருள்பட உரைத்தார். 1947 ஜூலையில் ரேணுகா ராய், ஒதுக்கீடு பெண்ணின் வளர்ச்சிக்குத் தடை, அவள் அறிவுக்கும் ஆற்றலுக்கும் இழுக்கு என்றே வாதிட்டார்.

1950-இல் அரசியல் அமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாக்குரிமை. பெண்களுக்கெனத் தனி இடம் ஒன்றுகூட இல்லை. வேண்டாம் என்று சொன்ன அந்த அன்னையரின் தன்மானத்தைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. தம்முடன் சிறை சென்ற ஆண்கள், சுதந்திர நாட்டில் தம் பெண்மக்களுக்கும் சம இடம் தருவார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலித்ததா என்பதே சகோதரி கேட்ட கேள்வி.

கணக்கு சொன்ன செய்தி

1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் நம் பகுதியிலிருந்து திருவள்ளூரில் மரகதம் சந்திரசேகரும், திண்டுக்கல்லில் அம்மு சுவாமிநாதனும் வெற்றி பெற்றனர். திருவனந்தபுரத்தில் ஆனி மஸ்கரீன் எக்கட்சியையும் சாராமல் சுயேச்சையாகவே நின்று வென்றார். இவற்றைப் படித்தபோது எங்கள் உள்ளம் பூரித்தது. ஆனால் நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அந்த மக்களவையில் பெண்கள் நூற்றுக்கு ஐவர் அளவே.

தொடக்கம்தானே, போகப் போகக் கூடும் என்று ஆறுதல் கொண்டோம். 1977-இல் அமைந்த மக்களவையில் பெண்கள் 19 பேரே. இருபத்தைந்து ஆண்டுகள் சென்ற பின் எண்ணிக்கை ஏறாமல் இறங்கியிருந்தது! 2019-இல் 78 பேர் வந்தனர். அதுவே அதுவரை கண்ட மிகுதியான எண்ணிக்கை. 2024-இல் அது 74 ஆகக் குறைந்தது. மொத்த இடங்கள் 543. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அவ்வாண்டு வென்ற பெண்கள் 5 பேர்.

வாக்களிப்பதில் பெண்களுக்கு அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2019 பொதுத் தேர்தலில் ஆண்களைவிடப் பெண்கள் சற்றுக் கூடிய விழுக்காட்டிலேயே வாக்களித்தனர். வரிசையில் நிற்கும்போது பாதிக்குப் பாதி இருப்பவர்கள், சபையில் அமரும்போது ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

மக்கள் பெண்களைத் தோற்கடித்து விடுகிறார்களோ என்று அடுத்துப் பார்த்தோம். 2024-இல் போட்டியிட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே பெண். வென்றவர்களிலோ நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேல் பெண்கள். வெற்றி வாய்ப்பில்லாத சுயேச்சைகளுள் பெரும்பாலோர் ஆண்கள் ஆதலால், இக்கணக்கை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. வாக்காளர் பெண்ணை வெறுத்து ஒதுக்கவில்லை. வாக்காளர் முன் வந்து நிற்கவே அவளுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. வேட்பாளர் யார் என்று முடிவு செய்வது கட்சி. தேர்தலுக்குப் பணம் வேண்டும், ஆள் பலம் வேண்டும், இரவு பகலாக ஊர் ஊராய்ச் சுற்ற வீட்டாரின் சம்மதம் வேண்டும். இவை மூன்றும் நம் சமுதாயத்தில் யார் கையில் இருக்கின்றன என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நியமனத்தால் வந்தவர்

‘சலுகையால் வந்தவளை யார் மதிப்பார்?’ என்பது மேடையில் எங்களுக்கு அதிகக் கைத்தட்டல் பெற்றுத் தந்த வாக்கியம். அதற்கு விடை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வாழ்க்கையில் இருந்தது.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், எதிர்ப்புகளுக்கிடையே அங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பின்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் டாக்டர் ஆனார். சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்த முதல் பெண்ணும் அவரே. 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அவர் அச்சபைக்குள் நியமனம் பெற்றே சென்றார் என்பதை நாங்கள் கவனித்ததில்லை. ஒரு பெண் உறுப்பினராவது வேண்டும் என்று கருதிக் கொடுக்கப்பட்ட இடம் அது.

அந்த இடத்தில் அவர் என்ன செய்தார்? சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் போராடினார். பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின், 1947-இல் அவ்வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆதரவற்ற பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லம் கண்டார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றவும் அவரே காரணமானார். அவரை எவரேனும் மதியாமல் இருந்தனரா? கதவு எப்படித் திறந்தது என்பதை உலகம் மறந்துவிட்டது. உள்ளே சென்று அவர் செய்த பணியையே நினைவில் வைத்திருக்கிறது.

மனம் மாறிய ஆண்டு

பெண்களின் நிலையை ஆராய 1971-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று பெண்களிடம் கேட்டறிந்த அக்குழு, 1974-இல் ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையை அளித்தது. சட்டமன்றங்களில் ஒதுக்கீடு வேண்டாம் என்பதே அப்போதும் பெரும்பான்மையோர் கருத்து. ஆனால் லத்திகா சர்க்கார், வீணா மஜும்தார் என்னும் இரு உறுப்பினர்கள் தங்கள் மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாக எழுதிச் சேர்த்தனர். ஒதுக்கீடு இன்றிப் பெண்கள் சபைகளில் போதிய இடம் பெறப் போவதில்லை என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அந்த விதை முதலில் முளைத்தது பாராளுமன்றத்தில் அன்று, கிராமத்தில். 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் அமைப்புத் திருத்தம், ஊராட்சிகளில் உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. 74-ஆவது திருத்தம் நகராட்சிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் 2016-இல் இதனைப் பாதியாக உயர்த்திச் சட்டம் இயற்றப்பட்டது.

இதனால் விளைந்தது என்ன? மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டுஃப்லோ என்னும் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். எந்த ஊராட்சி பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பதை எவர் விருப்பமும் முடிவு செய்யாததால், இருவகை ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைவியர் இருந்த ஊராட்சிகளில் குடிநீர் வசதிக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது. குடம் சுமப்பவளுக்குத்தானே தண்ணீரின் தொலைவு தெரியும்!

அதைவிட எங்களை நெகிழச் செய்தது 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. டுஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் மேற்கு வங்காளத்தின் 495 கிராமங்களில் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும், ‘பிள்ளை எவ்வளவு படிக்க வேண்டும்? என்ன வேலைக்குப் போக வேண்டும்?’ என்பன போன்ற கேள்விகளைக் கேட்டனர். வழக்கம்போல் மகனுக்கு ஒரு கனவு, மகளுக்கு அதைவிடச் சிறியதொரு கனவு. ஆனால் இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவி இருந்த கிராமங்களில் இந்த வேறுபாடு பெற்றோரிடம் 25 விழுக்காடும், பிள்ளைகளிடம் 32 விழுக்காடும் குறைந்திருந்தது. படிப்பில் சிறுவருக்கும் சிறுமியருக்கும் இருந்த இடைவெளியே மறைந்துவிட்டிருந்தது. சிறுமியர் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது. தலைவி புதிதாகப் பள்ளி கட்டிவிடவில்லை. ஒரு பெண் தலைவியாக அமர்ந்திருப்பதை ஊரார் கண்ணால் கண்டனர். அவ்வளவே.

அன்புள்ள பெற்றோர்களே, இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

இருபத்தேழு ஆண்டுப் பயணம்

பாராளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் கோரும் மசோதா முதன்முதலில் 1996 செப்டம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. கீதா முகர்ஜி தலைமையிலான குழு அதனை ஆராய்ந்தது. ஆனால் நிறைவேறவில்லை. 1998, 1999-ஆம் ஆண்டுகளிலும் வந்து வந்து வீழ்ந்தது. 2008-இல் மீண்டும் வந்து, 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்த வாக்கு ஒன்றே. எனினும் மக்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே 2014-இல் காலாவதியானது.

2023 செப்டம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்தில் முதலாவதாகக் கொண்டுவரப்பட்ட மசோதா இதுவே. செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454 பேர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர். மறுநாள் மாநிலங்களவையில் 214 பேர் ஆதரிக்க, எதிர்ப்பின்றி நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 106-ஆவது அரசியல் அமைப்புத் திருத்தம் ஆயிற்று.

அப்போது நிறைவேறியபடி, மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் டெல்லிச் சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு உரியவை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உள்ள தனித்தொகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு அப்பிரிவுப் பெண்களுக்கே. ஒதுக்கீட்டுக் காலம் 15 ஆண்டுகள், பாராளுமன்றம் விரும்பினால் நீட்டிக்கலாம். மாநிலங்களவைக்கு இது பொருந்தாது. இவற்றோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. சட்டத்துக்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகி, அதன்படி தொகுதி எல்லைகள் திருத்தப்பட்ட பிறகே ஒதுக்கீடு செயலுக்கு வரும் என்பதே அது. எனவே 2024 பொதுத் தேர்தல் ஒதுக்கீடு இன்றியே நடைபெற்றது. 543 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு 181. வந்தவர்களோ 74 பேர்.

ஐயங்களும் விடைகளும்

எதிரணியில் நின்று பேசிய நாங்கள், அந்த அணியின் நியாயங்களை மறைப்பது முறையன்று.

‘பெண் தலைவி பெயருக்குத்தான், கையெழுத்துக்கு மட்டுந்தான், ஆள்வது கணவர்’ என்பர். ஊராட்சிகளில் இத்தகைய நிலை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் மேற்சொன்ன ஆய்வுகளில் கண்ட மாற்றங்களும் இத்தகைய ஊராட்சிகளில் நிகழ்ந்தவைதாம். நீச்சல் பழகும்வரை தண்ணீரில் இறங்காதே என்பது அறிவுரை ஆகுமா?

‘வசதி படைத்த குடும்பத்துப் பெண்களே இந்த இடங்களைப் பிடித்துக்கொள்வர், பிற்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு உள் ஒதுக்கீடு இல்லையே’ என்பது மற்றொரு வாதம். இத்தனை ஆண்டுகள் மசோதா தடைப்பட்டதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம். இக்கவலை எளிதில் தள்ளத்தக்கது அன்று. கூலி வேலை செய்யும் தாயின் மகளும் அந்தச் சபையில் அமர்ந்தால்தான் ஒதுக்கீடு முழுமை பெறும்.

‘எண்ணிக்கை கூடினால் எல்லாம் சரியாகிவிடுமா?’ என்றும் கேட்பர். ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டைப் பார்ப்போம். 1994-இல் நடந்த கொடிய இனப்படுகொலையில் சிதைந்த அந்நாடு, 2003-இல் வகுத்த அரசியல் அமைப்பில் பெண்களுக்கு 30 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அளித்தது. 80 உறுப்பினர் கொண்ட சபையில் 24 இடங்கள் பெண்களுக்கே உரியவை. 2008-இல் 45 பெண்கள் அமர்ந்து, உலகிலேயே பெண்கள் பெரும்பான்மை பெற்ற முதல் பாராளுமன்றமாக அது விளங்கியது. 2024-இல் 51 பேர். சட்டம் கொடுத்தது 24 மட்டுமே, மற்றவர்கள் அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே வந்தவர்கள் என்பதை நோக்குக. ஒதுக்கீடு என்பது கூரை அன்று, தரை. எனினும் அந்நாட்டில் ஆளுங்கட்சியை எதிர்த்து அரசியல் நடத்துவது எளிதன்று என்பதும் உண்மை. ஆகவே பெண்கள் நிறைந்திருப்பது ஒன்று, அவர்கள் அஞ்சாமல் பேச முடிவது மற்றொன்று. நமக்கு இரண்டுமே வேண்டும்.

நம் பள்ளியில் கண்ட உண்மை

இவ்வளவும் எழுதிச் சகோதரியிடம் காட்டினோம். படித்துவிட்டு, “நம் பள்ளியில் மாணவர் தலைவி யார்? விளையாட்டு விழாவில் கொடி பிடித்து அணிவகுப்பை நடத்துவது யார்? அறிவியல் கண்காட்சியில் மின்கம்பி இணைப்பது யார்? ஆண்டு விழாவுக்கு மேடை போடப் பெஞ்சு தூக்குவது யார்?” என்று கேட்டார்கள். “நாங்கள்தாம், சிஸ்டர்” என்றோம். “ஏன்?” என்றார்கள்.

அப்போதுதான் விளங்கிற்று. இது பெண்கள் பள்ளி. இங்குள்ள இடங்கள் அனைத்துமே நமக்கு ஒதுக்கப்பட்டவை! நூற்றுக்கு நூறு ஒதுக்கீட்டில் வளர்ந்துகொண்டு, ஒதுக்கீடு எதற்கு என்று நாங்கள் முழங்கியிருக்கிறோம். இங்கே தலைவியானவளை எவரும் சலுகையால் வந்தவள் என்று இகழ்ந்ததில்லை. மைக்கின் முன் முதல் நாள் நடுங்கியவள், ஆண்டு முடிவில் ஆயிரம் பேர் முன் தெளிவாகப் பேசுகிறாள். இடம் கிடைத்தது, பழகினாள், தேர்ந்தாள்.

இந்த வாயிலைத் தாண்டி நாம் வெளியே செல்லும் நாள் தொலைவில் இல்லை. அங்கே இருபாலரும் கூடிய அவைகளில் தலைவர் இடம் அவருக்கு, வரவேற்புப் பாடல் நமக்கு என்று எவரேனும் பிரித்துக் கொடுத்தால், நாம் வாய் திறவாமல் பாடிவிட்டு வருவோமா? அல்லது இங்கே கற்றதை அங்கும் காட்டுவோமா?

ஒதுக்கீடு வேண்டாம் என்ற அன்னையர், பெண் திறமையில் எவர்க்கும் குறைந்தவள் அல்லள் என்று கூறினர். அது இன்றும் உண்மையே. அவர்கள் கணிப்பில் தவறியது பெண்ணின் திறமை அன்று, கதவைத் திறக்க வேண்டியவர்களின் மனமே. எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும் கதவு ஒருக்களித்தே இருந்தது. ஆதலால் சட்டம் அதைத் திறக்கட்டும். திறந்தபின் உள்ளே சென்று, முத்துலட்சுமி அம்மையாரைப் போல், எப்படி வந்தாள் என்பதை உலகம் மறக்கும்படி உழைப்பது நம் கடமை.

பரிசாகப் பெற்ற டம்ளர்களைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தோம். சகோதரி சிரித்துக்கொண்டே, “வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மறு அணியில் நின்று பேசி, அதையும் நியாயமாக வென்று காட்டுங்கள்” என்றார்கள். அதற்கான முதல் பயிற்சியே இக்கட்டுரை. எதிர்த்துப் பேச விரும்பும் தோழியர் எண்ணிக்கைகளுடன் வருக!